ஒரு ஓவிய ஆசிரியர் விட்டுட்டுப் போறது என்ன? அவர் வேலை பாத்த காலேஜே மூடிட்டாலும் அது நிக்குமா?

கண்டிப்பா நிக்கும்ங்க. நான் ஸ்கூல்ல டிராயிங் சொல்லிக் குடுக்குறேன், இந்தக் கேள்விய பாத்ததும் எனக்கு முதல்ல தோணின பேரு சிஸ்டர் கொரிட்டா கென்ட். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல இம்மாகுலேட் ஹார்ட் காலேஜ்னு ஒரு கத்தோலிக்க காலேஜ், அதே பேர்ல இருந்த சபை சிஸ்டருங்க நடத்துனது. 1936ல சபையில சேந்தவங்க, 1947ல இருந்து அங்க ஆர்ட் எடுத்தாங்க, 1964ல டிபார்ட்மெண்ட் ஹெட் ஆனாங்க. காலேஜ பின்னாடி மூடிட்டாங்க, ஆனா அவங்க பசங்களுக்குக் குடுத்த பயிற்சிய இன்னைக்கும் எத்தனையோ நாட்டுல டீச்சருங்க கிளாஸ்ல பண்ண வெக்கிறாங்க, நான் உட்பட.

அதுல முக்கியமானது ஃபைண்டர். பெரிய விஷயம்லாம் இல்ல, ஒரு அட்டையில சின்னதா சதுரமா ஓட்டை போட்டுக்கணும், இல்லன்னா காலி ஸ்லைடு ஃப்ரேம். அத கண்ணு முன்னாடி புடிச்சு அந்த ஓட்டைக்குள்ள என்ன தெரியுதோ அத மட்டும் பாக்கணும். இத குடுத்து பொண்ணுங்கள மியூசியத்துக்கு மட்டும் இல்ல, டயர் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் கூட்டிட்டுப் போவாங்க, அங்க இருக்குற போர்டு, விலை அட்டை, டப்பா எல்லாமே பாக்க வேண்டிய சரக்குதான். நான் இத எங்க ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்ட்ல பண்ணிப் பாத்தேன். ஒரு பொண்ணு செயின் கார்டுல பெயிண்ட் உரிஞ்ச எடத்துலயே நின்னுட்டா, பச்சை பெயிண்ட், அதுக்குக் கீழ பழைய சிவப்பு, அதுக்கும் கீழ துரு, மூணும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற ஓரத்த மட்டும் வரைஞ்சா. சைக்கிள் வரைன்னு சொல்லிருந்தா ரெண்டு வட்டம் போட்டு முடிச்சிருப்பா.

கொரிட்டாவோட சொந்த வேலையும் இதே பார்வைதான். ஸ்க்ரீன் பிரிண்டிங்க (வலைத்துணி வழியா மை தள்ளி படம் அச்சடிக்கிறது) எடுத்துக்கிட்டதே நெறைய காப்பி போடலாம், சாதாரண ஜனங்க வாங்குற விலைக்குக் குடுக்கலாம்னுதான். 1962ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆண்டி வார்ஹோல்ங்கிற பாப் ஆர்ட் ஓவியரோட சூப் டப்பா படங்கள் கண்காட்சி நடந்துச்சு, அத இவங்களும் பாத்தாங்க. அதே வருஷம் வொண்டர் பிரெட்ங்கிற ரொட்டி கம்பெனி கவர்ல இருக்குற சிவப்பு மஞ்சள் நீல வட்டங்கள எடுத்து ஒரு பிரிண்ட் பண்ணாங்க, பூசையில குடுக்குற நற்கருணை அப்பத்த நெனச்சு. கடையில விக்கிற ரொட்டியையும் பீடத்துல இருக்குற அப்பத்தையும் இப்படி பக்கத்துல பக்கத்துல வெக்க உண்மையான பக்தி வேணும்னு நான் நெனைக்கிறேன். 1964ல வருஷா வருஷம் நடக்குற மாதா பவனிய பூ, பலூன், பெரிய எழுத்து போட்ட அட்டைன்னு முழுத் திருவிழாவா மாத்துனாங்க. அதே வருஷம் தக்காளி விளம்பர பாணியில மாதாவப் புகழ்ந்து ஒரு பிரிண்ட். பேராயரா இருந்த கர்தினால் மெக்கிண்டயருக்கு இதெல்லாம் சுத்தமா புடிக்கல, சபைக்கும் அவருக்கும் உரசல் ஏறிக்கிட்டே போச்சு. இன்னொரு பக்கம் ஓயாத வேலை. 1968ல கொரிட்டா சபைய விட்டு வெளிய வந்து பாஸ்டன் போயிட்டாங்க. 1970ல மீதி சிஸ்டருங்கள்லயும் பெரும்பாலானவங்க துறவிகளா குடுத்த வார்த்தைப்பாட்டுல இருந்து விலகி தனி சமூகமா சேந்துக்கிட்டாங்க.

பாஸ்டன்ல ஒரு பெரிய கேஸ் டேங்க் மேல போட்ட வானவில், 1985ல வந்த லவ்ங்கிற தபால் ஸ்டாம்ப் (70 கோடிக்கு மேல வித்துச்சு) இதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நல்ல வேலைங்கதான், ஆனா என்னைக் கேட்டா அதெல்லாம் ரெண்டாவதுதான், கிளாஸ்ரூம்தான் முதல்ல. அந்த கிளாஸ்ரூம்ல அவங்க எழுதி வெச்ச பத்து ரூல்ஸ் இன்னைக்கும் சுத்திக்கிட்டு இருக்கு. பத்தாவதுல ஜான் கேஜ்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர் சொன்னது ஒண்ணு வரும், அதனாலயே நெறைய பேர் மொத்தத்தையும் கேஜ் பேர்ல ஷேர் பண்றாங்க, அத பாக்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா இத்தன வருஷம் கிளாஸ்ல நின்னு உழைச்ச ஒரு டீச்சர் பேரு அங்க காணாமப் போகுது.

நீங்களும் சொல்லிக் குடுக்குறவரா இருந்தா எட்டாவது ரூல எடுத்துக்கோங்க: உருவாக்குறதையும் அலசுறதையும் ஒரே நேரத்துல பண்ணாதீங்க, ரெண்டும் வேற வேற வேலை. எட்டாங்கிளாஸ் பசங்க ரப்பர கீழ வெக்கிறதுக்கு இதவிட நல்ல வழி எனக்குக் கெடைக்கல.