பழைய காரில் மேல்துணி தொங்குவது ஏன்? மறுபடி ஒட்டினால் நிற்குமா?

காருக்குள் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற துணிதான் ரூஃப் லைனிங். அது நேராகத் தகரத்தில் ஒட்டியிருப்பதில்லை. கெட்டியான அட்டை, அதன்மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் ஸ்பாஞ்சு, அதன்மேல் துணி.

தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சு. பாலியூரித்தேன் என்ற பொருள். வெயில் சூட்டிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்து மக்கிவிடும். துணியின் ஓரத்தைத் தூக்கி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், பழுப்பு மாவு அப்பிக்கொள்ளும். போடாமலே அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொலபொலவென்று உதிருமே, அதே கதைதான்.

சரியான வழி, அட்டையைக் கீழே இறக்கி மாவை பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்தெடுப்பது. பாதி நேரம் இதற்கே போகும், மாஸ்க் கட்டாயம். பிறகு ஸ்பாஞ்சு சேர்ந்தே வரும் புதுத் துணியை, சூடு தாங்கும் பசையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்ட வேண்டும். சீட் கவர் கடைகளிலும் செய்வார்கள். கூரையின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் என்றால் இறக்கும் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

பசை விட்டுப்போனதாக நினைத்துப் பலர் மேலாகப் பசை அடிக்கிறார்கள், அது நிற்காது; பசை இன்னும் அட்டையில்தான் இருக்கிறது, அது பிடித்திருந்த ஸ்பாஞ்சுதான் போய்விட்டது.