கூடம் நால்வருக்கு, கடன் மட்டும் உங்களுக்கா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு நான்கு புள்ளிக்கு (குடும்பங்களுக்கு) பொது. இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது பகுதியில்) சாப்பாட்டுக்கூடத்தைப் புதுப்பிக்கிறோம். பர்மா தேக்குத் தூண்கள், செதுக்கு வேலை செய்த கதவு நிலைகள் எல்லாம் பெயின்ட் ஏறிக் கிடக்கின்றன. இதுவரை 4.2 லட்சம் நானே போட்டேன். அதில் 3 லட்சம் நகைக்கடன். இரண்டு வருஷமாக வட்டி மட்டும் கட்டி மறுபடி வைக்கிறேன். மீதி பர்சனல் லோன், தவணை 6,000. பங்காளிகள் தந்தது 40,000. தையில் பெரியப்பாவின் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). முடிக்க இன்னும் 6 லட்சம் வேண்டும். வங்கி 14 சதவீதத்தில் தருகிறது, வாங்கலாமா? சம்பளம் 78,000, கோவை ஃபிளாட் தவணை 27,000.

பதில்: வாங்காதீர்கள். 6 லட்சத்தை ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 14,000 ஆகும், மொத்தம் 8.4 லட்சம் போய்விடும். இருக்கும் தவணைகள், நகை வட்டி 2,500 எல்லாம் சேர்த்தால் மாதம் 49,500. மீதி 28,500-இல் பிள்ளைகளின் ஃபீஸும் வீட்டுச் செலவும் நடக்க வேண்டும்.

ஆனால் வட்டி விகிதத்தைவிட எனக்குக் கவலை, "நீ செய், அப்புறம் தர்றோம்" என்று பங்காளிகள் சொல்வதை நம்பி முதலில் கடன் வாங்கிவிடும் உங்கள் பழக்கம். 4.2 லட்சத்தில் உங்கள் பங்கு 1.05 லட்சம்தான். மற்ற மூவர் தர வேண்டியது 3.15 லட்சம், வந்தது போக 2.75 லட்சம் பாக்கி. உங்கள் நகைக்கடன் எவ்வளவு? 3 லட்சம். பங்காளிகள் தர வேண்டிய பணத்துக்காகத்தான் உங்கள் மனைவியின் நகை பெட்டகத்தில் கிடக்கிறது. 10 சதவீதம் என்றாலும் இரண்டு வருஷத்தில் வட்டியே 60,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இவ்வளவு போட்டும் வீட்டில் உங்கள் பாகம் கால்தான், அது கூடிவிடாது.

மியூச்சுவல் ஃபண்டை விற்காமல் அதன் மேல் கடன் வாங்கலாம் என்று ஆப்பில் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நிமிஷத்தில் கிடைத்தாலும் அதுவும் கடன்தான். சந்தை இறங்கினால் கூடுதல் ஈடு கேட்பார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய தச்சர் கணக்கைப் பார்த்தேன். ஓடு மாற்றி, கைமரம் (ஓட்டைத் தாங்கும் சட்டம்) சரிசெய்து, கரையான் மருந்து அடிக்க 1.4 லட்சம். தை மாதத்துக்குள் வேண்டியது இது மட்டும்தான். தண்ணீர் இறங்கினால் உத்திரம் உளுத்துவிடும். பெயின்ட் மரத்தை ஒன்றும் செய்யாது. பெயின்ட் எடுத்து பாலிஷ் போடும் 1.6 லட்சம் வேலை அடுத்த வருஷம் நடக்கட்டும். அவசரத்தில் மெஷின் போட்டுத் தேய்த்தால் செதுக்கல் மழுங்கிவிடும், அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சுவருக்குப் புதிதாகத் தேக்குப் பலகை அடிக்கும் 3 லட்சத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுங்கள். பழைய நிலையைக் கூலியில் கழித்துக்கொள்வதாகத் தச்சர் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அப்படிப்பட்ட சாமான்களுக்கு என்ன விலை என்று விசாரித்தால் காரணம் புரியும்.

1.4 லட்சத்தில் ஆளுக்கு 35,000. பழைய பாக்கியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, பெரியப்பா முன்னிலையில் நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள். அவருக்காகத்தானே இந்த அவசரம். பாக்கி வரவர நகைக்கடன் அசலில் கட்டுங்கள். மூவரின் 35,000-மும் கைக்கு வந்த பிறகு தச்சருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.