வேலூரில் ஆஸ்பத்திரி டிரிப் ஓடிய 1.3 டீசல் எர்டிகாவை வாங்கலாமா? இன்ஜினில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் சொல்வது 2014 மாடல் டீசல் எர்டிகா, மஞ்சள் போர்டு, ஒரே ஓனர், 1,10,000 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் காட்பாடி ஸ்டேஷனுக்கும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடியது. ஓட்டம் குறைவாக இருக்கிறதே, இந்தக் குட்டி டர்போ டீசல் இன்னும் தாங்குமா, என்னென்ன கோளாறு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கும். ஆனால் அந்த 1,10,000 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதே இன்ஜின் உள்ள வண்டியை நான் ஏழு வருடமாக வேலூரில் ஓட்டுகிறேன். என்னுடையதும் செகண்ட் ஹேண்ட், அதுவும் ஆஸ்பத்திரி டிரிப் வண்டி. வாங்கும்போது நானும் மீட்டரைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

முதலில் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாருதி இதை டிடிஐஎஸ் என்று விற்றாலும் பிறப்பு ஃபியட் மல்டிஜெட். 2003இல் போலந்தில் தயாரிப்பு தொடங்கியது. ஐரோப்பாவில் ஃபியோரினோ, டோப்லோ மாதிரி சரக்கு வேன்களில் ஓடியதும் இதுதான். நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, செவ்ரோலே என்ஜாய் என்று எல்லோர் வண்டியிலும் இது இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் ‘தேசிய இன்ஜின்’ என்றே எழுதினார்கள். 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆனால் ஓடுகிற வண்டிகள் இன்னும் ஏராளம் என்பதால் பாகங்களுக்கு வேலூரிலேயே பஞ்சமில்லை.

நான்கு சிலிண்டர், 1,248 சிசி. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், 16 வால்வு, இரண்டு கேம் ஷாஃப்ட். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். இதை நினைவில் வையுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. ஸ்விஃப்டில் வந்தது 75 பிஎஸ், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ சாதாரண வகை. எர்டிகாவில் இருப்பது 90 பிஎஸ், 1,750 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் இழுவை. இதன் டர்போவுக்குள் கோணம் மாறும் சிறு தகடுகள் உண்டு, அதைத்தான் விஜிடி என்கிறார்கள். 2012இல் எர்டிகா வந்தபோது வண்டிகளைச் சோதிக்கும் அராய் அமைப்பு சான்று கொடுத்த மைலேஜ் 20.77. ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டினால் எனக்கு 14, 15தான் கிடைக்கிறது. பெங்களூர் ரோட்டில் சீராகப் போனால் 19 தொடுகிறது.

இப்போது மீட்டர் விஷயம். ஆஸ்பத்திரி டிரிப் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். கல்கத்தா பக்கமிருந்தோ அசாமிலிருந்தோ வந்த குடும்பத்தை ஓபிடியில் இறக்கிவிட்டு, டெஸ்ட் முடியும் வரை டிரைவர் வெளியே காத்திருப்பார். மே மாதம் வேலூர் வெயிலில் ஏசியை அணைக்க முடியுமா? வண்டி ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 4 மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்று வைத்தால் 1,200 மணி நேரம். ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் அத்தனை மணி நேரம் ஓடியிருந்தால் 48,000 கி.மீ. மீட்டரில் ஏறியிருக்கும். நின்றதால் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ஆயில் வெந்திருக்கிறது, கரி சேர்ந்திருக்கிறது. ஓனரோ மீட்டரைப் பார்த்து, ‘10,000 ஆகவில்லையே’ என்று ஆயில் மாற்றாமல் விட்டிருப்பார்.

இந்த இன்ஜினுக்கு ஆயில் சுமார் 3 லிட்டர்தான் பிடிக்கும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் அந்த ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டியாகிக் கசடு கட்டினாலோ டென்ஷனர் தளரும், செயின் நீளும், ஒரு நாள் பல்சக்கரத்தில் பல் தாவும்.

எனக்குத் தாவியது. வண்டி வாங்கிய மூன்றாவது மாதம், மார்கழி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி ‘கரகர’ என்று ஒரு சத்தம், டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. அப்புறம் அடங்கிவிடும். டீசல் வண்டி, குளிர் வேறு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு விடியற்காலை ஆம்பூருக்கு டிரிப். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஏறும்போது ‘டட்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றது. செல்ஃப் அடித்தால் எந்தத் தடையும் இல்லாமல் வெறுமனே சுற்றியது. கயிறு கட்டித்தான் வேலூருக்கு இழுத்து வந்தோம்.

ஷெட்டில் மெக்கானிக் பாய் இன்ஜின் மேல் கவரைக் கழற்றி, வால்வைத் திறக்கும் ராக்கர் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து தினத்தாள் மேல் வரிசையாக வைத்தார். பதினாறில் ஏழு இரண்டு துண்டு. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பிஸ்டன் தலையில் வால்வு தொட்ட தடம் லேசாகத் தெரிந்தது, ஆனால் வால்வு வளையவில்லை. இந்த இன்ஜினில் அது ஒரு நல்லது: செயின் தாவினால் பல சமயம் ராக்கர் முதலில் உடைந்து வால்வையும் பிஸ்டனையும் காப்பாற்றிவிடும். ராக்கர், செயின், டென்ஷனர், கைடு எல்லாம் புதிதாகப் போட்டோம். பதினோரு நாள் வண்டி ஷெட்டில் நின்றது, அத்தனை நாள் வருமானமும் போனது.

அன்று பாய் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்: “தம்பி, அடுத்த வாட்டி வண்டி பாக்கப் போனா மொதல்ல பானட் மேல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, நாளைக்கு வர்றேன்னுட்டு வந்துடுங்க.” சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் பெரும்பாலும் கேட்காது. விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

செயினுக்கு அடுத்து கரி. ஈஜிஆர் வால்வு எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும். ஊருக்குள்ளேயே ஓடி, ஐட்லிங்கில் நின்ற வண்டியில் இந்தப் புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிக்கப் குறையும், புகை கறுக்கும், ஐட்லிங் ஆடும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், பயப்பட வேண்டாம். அதே கரி விஜிடி தகடுகளில் இறுகினால்தான் தொல்லை. ஹைவேயில் ஓவர்டேக் எடுக்கும்போது திடீரென்று வண்டி இழுக்காது, இன்ஜின் லைட் எரியும், ஓரம் கட்டி அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஓனர் இதை ‘சென்சார் பிரச்சினை, சின்ன வேலை’ என்பார். டர்போ வேலையாகவும் இருக்கலாம் என்று நினைத்தே விலை பேசுங்கள்.

டர்போ ஓஸ் கிழிந்தாலும் இழுவை போகும், ஆனால் அதற்கு அடையாளம் வேறு. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம், பின்னால் கரும்புகை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு முறை ஏறினால் எதுவும் மறையாது. அவ்வளவு தூரம் விடமாட்டார்கள் என்றால் ஏதாவது ஒரு மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்துப் பாருங்கள். 1,800 வாக்கில் முதுகில் தள்ளுவது தெரிய வேண்டும்.

இன்ஜெக்டர்தான் பணம் தின்னும் பாகம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் பீய்ச்சுகிறது. தண்ணீரோ தூசோ கலந்தால் தாங்காது. ஷெட்டில் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு சின்ன பாட்டிலில் விட்டு இன்ஜினைச் சில நிமிடம் ஓட விடுவார்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் நிற்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு பங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் இருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து ஈசியூவில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஐட்லிங் ஆடிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகத் தார் இறுகியிருந்தால் அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கசிகிறது. ஆரம்பத்திலேயே மாற்றினால் மலிவு, விட்டால் கரி இறுகி இன்ஜெக்டரைக் கழற்றவே பெரும்பாடு.

குளோ பிளக், தெர்மோஸ்டாட், ஆல்டர்னேட்டர் எல்லாம் எந்த டீசலுக்கும் வருவதுதான். அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம்.

வாங்கினால் முதல் நாளே ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். 5டபிள்யூ-30 கிரேடு. நான் 7,000 கி.மீ. அல்லது ஐந்து மாதம், எது முதலில் வருகிறதோ அன்று மாற்றுகிறேன். வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கிறேன். ஹைவேயில் ஓட்டி வந்ததும் உடனே அணைப்பதில்லை, டர்போ ஆற ஒரு நிமிடம் விடுகிறேன். காத்திருக்கும் நேரத்தில் பார்ட்டியிடம் சொல்லிவிட்டு, மரநிழலில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுகிறேன். செயின் மாற்றி இப்போது 1,60,000 கி.மீ. ஓடிவிட்டது, இன்ஜின் இன்னும் திறக்கவில்லை.

நீங்கள் பார்க்கும் வண்டிக்கு ஆயில் மாற்றிய பில்கள் தேதியோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் செயின் செட் செலவு உங்களுடையது என்று வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள். முந்தின நாள் இரவே ஓனரிடம் சொல்லி, வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு விடியற்காலை ஆறு மணிக்குப் போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே அடியுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம், வேறு பாருங்கள்.