பழைய சுவடிகள் பைபிளோடு ஒத்துப்போகாவிட்டால் கிறிஸ்தவர்கள் என்ன செய்வீர்கள்?

திருகோணமலையில் ஒரு புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் சில வருடம் படிப்பித்தும் இருக்கிறேன். பைபிளோடு ஒத்துப்போகாத சுவடி ஒன்று கிடைத்தது என்று செய்தி வந்தால், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் "சாத்தான்ர வேலை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். மீதிப்பேர் அந்தச் செய்தியை வாசிக்கவே மாட்டார்கள்.

2006இல், பைபிளில் சேராத யூதாசின் நற்செய்தி என்ற பழைய நூல் வெளியானபோது எனக்குத் தூக்கம் கெடவில்லை. அப்படியொரு நூல் உலாவுகிறது என்று 180ஆம் ஆண்டளவிலேயே இரேனியு என்ற ஆயர் திட்டி எழுதிவிட்டார். சுவடி கிடைத்ததுதான் புதுசு, சண்டை பழசு. 2012இல் வந்த, இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக இருந்த பப்பிரசுத் துண்டு இன்னும் வேடிக்கை. பைபிளில் சேராத இன்னொரு நூலான தோமாவின் நற்செய்தியில் இருந்து வெட்டி ஒட்டிய வரிகள் அவை. இணையத்தில் கிடந்த ஒரு பதிப்பின் எழுத்துப்பிழைகூட அப்படியே ஏறியிருந்தது. அதை அறிமுகப்படுத்திய பேராசிரியர் கரென் கிங்கே 2016இல், போலியாகத்தான் இருக்கும்போல என்று ஒத்துக்கொண்டார். முதல் செய்தியைப் பகிர்ந்த என் நண்பர்கள் யாரும் இதைப் பகிரவில்லை.

எனக்கு உறைத்தது எங்கள் பைபிளின் சொந்தப் பழைய சுவடிகள்தான். நான்காம் நூற்றாண்டுத் தோற்சுவடியான கோடெக்ஸ் சினாய்டிகஸை 2009இலிருந்து இணையத்தில் பார்க்கலாம். அதில் மாற்கு நற்செய்தி 16:8இல், வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிந்துவிடுகிறது; நாங்கள் வாசிக்கும் பைபிளில் அதற்குப் பிறகும் வசனங்கள் உண்டு. யோவான் 8இல் கல்லெறியக் கொண்டுவந்த அந்தப் பெண்ணின் கதை இல்லவே இல்லை. அதே காலத்து வத்திக்கான் சுவடியிலும் மாற்கு அங்கேதான் முடிகிறது; ஆனால் அதற்கு அடுத்த பத்தி (column) முழுதும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கே சந்தேகம் இருந்ததோ என்னவோ.

இதை ஒருநாள் வேதபாடத்தில் சொல்லித் தொலைத்தேன். ஒரு அக்கா கேட்டா: "அப்ப 'உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்' எண்டது பொய்யோ தம்பி?"

"பொய் எண்டு சொல்லேல்ல அக்கா. யோவான் எழுதின புத்தகத்தில முதல் இருக்கேல்ல எண்டுதான்..."

அவ பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டா. கூட்டம் நடத்தியவர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அடுத்த கிழமை அக்கா வரவில்லை. பிழை என்னுடையது; உள்ளதைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது.

பிறகு அவவுக்கு விளங்கப்படுத்த உதவியது எங்கள் ஊர் பிரட்றிக் கோட்டை வாசலில் இருக்கும் கல்வெட்டு. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்ற பாட்டு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: குளக்கோட்டன் மன்னன் செய்த கோணேசர் கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், இடித்தது பற்றியது. கல்லில் இருப்பதோ சிதைந்த எழுத்துகள். மிச்சப் பாட்டு ஆளுக்கொரு மாதிரி. அதற்காகப் பறங்கி கோயிலை இடிக்கவில்லை என்று யாராவது சொல்கிறோமா? அந்தப் பெண்ணின் கதையும் அப்படித்தான். யோவானின் பழைய பிரதிகளில் இல்லை. ஆனால் திதஸ்காலியா என்ற மூன்றாம் நூற்றாண்டுத் திருச்சபை ஒழுங்கு நூலுக்கு அது தெரிந்திருக்கிறது. வாயில் உலாவிய பழைய கதை பிறகு புத்தகத்துக்குள் வந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1 யோவான் 5:7 அப்படியில்லை. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" வரியை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸே 1522இல்தான் தன் பதிப்பில் சேர்த்தார். அதை விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இவ்வளவு காலமும் பிரசங்கத்தில இதை ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல?" என்றா. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.