தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு ஒலி அறை

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே எங்கள் ஊர். மொட்டைமாடியில் 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நான் வீணை வாசிப்பேன், சுருதி 3 கட்டை. மகள் பாடுவாள். தம்பி மிருதங்கம். மூவரும் சேர்ந்து வாசிக்கவும் பதிவு செய்யவும் அந்த அறையைத் தயார் செய்ய ஆசை. போனில் பதிந்து பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து வாசித்தது போலக் கேட்கிறது. முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் 60,000 ரூபாயில் 45,000க்கு நல்ல மைக்காக ஒன்று வாங்கிவிடு, மற்றது தானாகச் சரியாகும் என்கிறார் ஒருவர். ஒருமுறை இரவல் மைக்கை லேப்டாப்பில் இணைத்தபோது ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தது. தெரிந்த நாகசுர வித்வான் ஒருவர், அறை தயாரானால் தானும் வந்து பதிவு செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

மைக்கை இப்போது வாங்காதீர்கள். நல்ல மைக் என்றால் கூர்மையான காது என்று அர்த்தம். உங்கள் அறையின் கிணற்றுச் சத்தத்தை அது போனைவிடத் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். பணத்தில் முதல் பாதி அறைக்கு.

முட்டை அட்டையால் பயன் இல்லை. மெல்லிய காகிதக்கூழ், உச்ச ஒலியில் கொஞ்சத்தைத் தின்னும், அவ்வளவுதான். அறையில் குமுறுவது கீழ் ஒலி. அது அட்டையைக் கண்டுகொள்ளாது. கரப்பான் சேரும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

உங்கள் அறையின் உண்மையான சங்கடம் அதன் அளவில் இருக்கிறது. அகலமும் உயரமும் ஒன்றாக 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் போய்வரும்போது சில சுரங்கள் மட்டும் ஊதிப் பெருகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 10 அடிக்கு அந்தப் பெருக்கம் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 114, 171 ஆகியவற்றிலும் வரும். அகலம் ஒரு முறை, உயரம் ஒரு முறை என இரட்டிப்பாக வரும். 12 அடி நீளம் 48, 95, 143 என்று தன் பங்கைச் சேர்க்கும். தம்பி தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) கும்கி என்ற கீழ் ஒலியை எழுப்பும்போது சில இடத்தில் அறையே அதிர்வதும், இரண்டடி தள்ளிக் கேட்டால் ஒன்றுமில்லாமல் போவதும் இதனால்தான். மிருதங்கத்தில் குறை தேட வேண்டாம்.

இதற்கு மருந்து, மூலைகளில் தடிமனாக ராக்வூல் என்ற பாறை நார்ப் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். பலகை 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 50 மி.மீ. தடிமனில் வரும். உங்கள் அறைக்கு 22 பலகை போதும். கதவை ஒட்டிய மூலையை விட்டுவிட்டு மற்ற மூன்று மூலைகளில், மூலையைக் குறுக்கே அடைத்தாற்போல நிறுத்துங்கள். இரண்டு பலகை சேர்ந்த தடிமன், இரண்டு பலகை உயரம், ஆக மூலைக்கு நான்கு. மீதிப் பத்தில் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இரண்டிரண்டு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு, கூரைக்கு நான்கு. சுவரில் ஒட்ட வேண்டாம், 2 அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். பின்னால் காற்று இருந்தால் கீழ் ஒலியும் கூடுதலாக அடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் ஏறும்போது பலகையில் பூஞ்சணமும் பிடிக்காது.

மேலே போர்த்தும் துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போனால் அது சரியான துணி. சாதாரணக் கைத்தறிப் பருத்தி போதும். ரெக்சின் போர்த்தினால் உச்ச ஒலி அப்படியே திரும்பி வரும். பலகையை அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், நார் தோலில் அரிக்கும். சட்டம் மரமாக இருந்தால் தரையைத் தொடாமல் நிற்கட்டும், கறையானுக்கு வழி வேண்டாம்.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அறை அமைக்கச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்காக எழுதப்பட்டவை. பலகையைத் தரையிலிருந்து 3 அடிக்கு மேலே மாட்டச் சொல்வார்கள். நீங்கள் மூவரும் தரையில் உட்காருகிறீர்கள். உங்கள் காது இரண்டரை அடி உயரத்தில், மகளின் வாயும் அங்கேதான், வீணைக் குடமும் மிருதங்கமும் அதற்கும் கீழே. பலகை மேலே இருந்தால் ஒலி அதற்குக் கீழே வெறும் சுவரில் மோதி விளையாடிக்கொண்டிருக்கும். பக்கச் சுவர்ப் பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக, தரையிலிருந்து 1 அடியில் தொடங்கி 5 அடியில் முடியும்படி மாட்டுங்கள். ஆணி அடிக்கும் முன் சோதித்துவிடுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, மார்புக்கு நேராகக் கையை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். ‘டிர்ர்ர்’ என்று பல்லி ஓடுவதுபோல ஒரு வால் கேட்கும். இருவரை இரண்டு பக்கமும் கனமான ரஜாயைப் பிடித்து நிற்கச் சொல்லி மறுபடி தட்டுங்கள். வால் எங்கே அறுகிறதோ அங்கேதான் பலகை.

உட்காரும் இடம் அறையின் நட்டநடுவில் வேண்டாம், அங்கே கீழ் ஒலி காணாமல் போகும். 12 அடி நீளத்தில் ஒரு சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி, அந்தச் சுவருக்கு முதுகு காட்டி மகள் உட்காரட்டும். மைக்குக்குப் பின்னால் பஞ்சை ஒட்டுவது பலர் செய்யும் தவறு. கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தை அதிகம் கேட்காது. பாடுபவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் கேட்கும். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் இரண்டு பலகை சொன்னேன்.

தரையும் ஒரு சுவர்தான், அதுவும் மிக அருகில் உள்ள சுவர். குடம் 1 அடி உயரத்தில், மைக் ஒன்றரை அடி தள்ளி ஒன்றரை அடி உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி நேராக வருவதைவிட 40 செ.மீ. கூடுதலாக நடக்கிறது. அதனால் 430 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி மெலியும். 3 கட்டை வீணையில் அது தார ஸ்தாயி காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் இடைப்பட்ட இடம். ‘அந்தச் சுரம் மட்டும் ஏன் சோகையாக விழுகிறது’ என்று விரலை நொந்துகொள்வீர்கள். பாயோ ஜமுக்காளமோ இதற்குப் போதாது, மெல்லியவை. பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மடித்து வீணைக்கும் மைக்குக்கும் நடுவே தரையில் போடுங்கள். வித்தியாசம் முதல் மீட்டிலேயே தெரியும். மற்ற தரை வெறுமையாகவே இருக்கட்டும். அறை முழுவதையும் போர்த்திச் செத்த அறையாக்கினால் வீணையின் கார்வை நிற்காது, மகளும் குரலை வலிந்து தள்ளுவாள். நான் சொன்ன கணக்கில் பலகை மூடுவது அறைப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வேண்டுமென்றே விட்டது.

பலகை வெளிச் சத்தத்தை நிறுத்தாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பம்புசெட்டும் கோயில் ஒலிபெருக்கியும் உள்ளே வருவது இடுக்கு வழியாக. 9 அங்குலச் செங்கல் சுவர் நல்ல தடுப்பு. ஆனால் பரப்பில் நூறில் ஒரு பங்கு சந்து இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவு கனமான ஃபிளஷ் கதவாக இருக்கட்டும், நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் தரையைத் தொடும் பட்டை. ஜன்னல் கதவுக்கும் அப்படியே. மழைக்குப் பின் வயல் தவளையையும் அறுவடை இயந்திரத்தையும் எந்தப் பட்டையும் முழுதாக நிறுத்தாது. பதிவு நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். அந்த ‘ம்ம்ம்’ 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் சார்ஜர் வழி வருகிறது. மைக்கின் உலோக உடலைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் எதிலும் சேராமல் தொங்கும். எர்த் குழி இருந்தாலும் குழாயையும் ஒயரையும் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்திருக்கும், கோடையில் மண் காய்ந்து பிடிப்பு போயிருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அந்த வேலை. கருவிகள் அனைத்தும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை ஒடித்துவிடும் வழக்கம் உண்டு, உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும், சதுர அலை வகை பதிவில் ஓயாமல் உறுமும். ஃபேன் ரெகுலேட்டர் விடாமல் திருகும் எலக்ட்ரானிக் வகை என்றால் மைக் ஒயரில் முணுமுணுப்பு ஏறும். 1 முதல் 5 வரை படிப்படியாகப் போகும் கெபாசிட்டர் வகையை மாட்டுங்கள். கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி போட்டால் கூரையில் பலகைகளைத் தொங்கவிட இடமும் கிடைக்கும். உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, தளத்திலிருந்து 4 அங்குலம் கீழே அவை தொங்கட்டும். பதிவின்போது விசிறியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மொட்டைமாடி அறை என்பதால் வீணைக்கு ஒரு கவலை. தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகள் 24ம் மெழுகின் மேல் நிற்கின்றன. சித்திரை வெயிலில் தளம் கொதித்து இறங்கும் சூட்டில் மெழுகு இளகும், அழுத்தி வாசிக்கும் மெட்டு ஒரு மயிரிழை அமுங்கும். பிறகு அந்த ஒரு சுரம் மட்டும் விலகிப் பேசும். தந்தியை எவ்வளவு முறுக்கினாலும் சரியாகாது. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ போடுங்கள், கோடையில் வீணை கீழ்க்கட்டிலேயே இருக்கட்டும், வாசிக்கும்போது மட்டும் மேலே வரட்டும். ஏ.சி. போட்டால் தம்பியும் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தை ஒரு மணி நேரம் முன்பே அறையில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கட்டும். உலர்ந்த காற்றில் தொப்பியில் அப்பும் ரவைப் பசை சீக்கிரம் காயும்.

அறை முடிந்தபின் கருவிகள். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸை நான்கு உள்ளீடு உள்ளதாக முதலிலேயே வாங்குங்கள். குரலுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு. இரண்டு உள்ளீட்டில் தொடங்கினால் ஆறு மாதத்தில் அதை ஒதுக்கி வைப்பீர்கள். குரலுக்கு நடுத்தர விலைக் கண்டென்சர் மைக், வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில்; ‘ப’வின் காற்று நேரே அடிக்காது. வீணைக்குக் குடத்தை நோக்கி, தாளத் தந்திகளின் பக்கம் சாயாமல். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொரு அடி தள்ளி ஒவ்வொன்று. இரண்டில் ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை மாற்றி மாற்றிக் கேளுங்கள், தொப்பி எதில் நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாசிக்கும்போது வீணை மைக்கின் முதுகு தம்பியைப் பார்க்க வேண்டும். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உரத்த இடம் −12 டெசிபலைத் தாண்டாமல். மென்பொருளுக்கு, நான்கு உள்ளீட்டையும் தனித்தனியே பதியும் இலவச வகை ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம், காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

கண்டென்சர் மைக் ஈரத்தில் படபடவென்று பொரியும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். அந்த வாணலி சமையலுக்கு மறுபடி வரக்கூடாது, சிலவகை ஜெல்லின் சாயம் நஞ்சு. இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

நாகசுர வித்வானை அந்த அறைக்கு அழைக்க வேண்டாம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் அந்தக் கருவி கோயில் பிராகாரத்தையும் வீதியையும் நிறைக்க வேண்டியது. 10 அடிச் சுவர்களுக்குள் அதன் முழக்கம் தன்மேலேயே விழுந்து கூசும், மைக்கும் திணறும். உங்கள் ஊரில் முற்றம் வைத்த பழைய வீடு ஏதாவது மிச்சம் இருக்கும். கூடத்தில் அவரை முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். மைக் 6 முதல் 8 அடி தள்ளி, அணசுக்கு (கருவியின் விரிந்த வாய்க்கு) நேராக இல்லாமல் ஒரு முழம் மேலே. தவில் உண்டென்றால் அவருக்குப் பக்கத்தில், மைக்கிலிருந்து இன்னும் நாலடி பின்னால். ஒலி மேல்நோக்கித் திறந்த வெளியில் போய்விடும், கூடத்துத் தூண்களும் ஓடும் தேவையான அளவு மட்டும் திருப்பித் தரும். அங்கே பலகை எதுவும் வேண்டாம். இன்டர்ஃபேஸும் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பும், 10 மீட்டர் மைக் ஒயரும் கொண்டுபோனால் போதும்.