வெல்லம் கடைசியில்தான்: சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஓடிஜியில் சுடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் தங்கை வீட்டில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை இனிப்பாக பேக் செய்து வான்கோழியோடு பரிமாறினார்கள். ஊருக்கு வந்து ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அவனில்) நானும் செய்து பார்த்தேன். தோல் சீவி, துண்டு போட்டு, வெல்லத்தூளும் எலுமிச்சைச் சாறும் கலந்து 200 டிகிரியில் வைத்தேன். வெல்லம் கருகிவிட்டது, கிழங்கு நடுவில் நறுக்நறுக்கென்று இருக்கிறது, தட்டில் தண்ணீர் வேறு நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் சேர்த்த பொருள்களில் தப்பில்லை, சேர்த்த வரிசையில்தான். முதலில் கிழங்கு தானாக இனிக்க வேண்டும். வெல்லம் அதற்கு மேல்பூச்சு மட்டுமே.

பச்சைக் கிழங்கில் தண்ணீர் போக மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. கிழங்கிலேயே இருக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி அதை உடைத்து மால்ட்டோஸ் சர்க்கரையாக மாற்றும். சுமார் 60 டிகிரியில் மாவுச்சத்து இளகத் தொடங்கியதும் இந்த வேலை வேகமெடுக்கும். 80 டிகிரியை நெருங்கும்போது நொதி செத்துவிடும். கிழங்கின் உட்புறம் இந்த இடைவெளியை எவ்வளவு நிதானமாகக் கடக்கிறதோ, அவ்வளவு இனிப்பு. குக்கரும் மைக்ரோவேவும் சில நிமிடங்களில் தாண்டிவிடுவதால்தான் அவற்றில் வெந்த கிழங்கு சப்பென்று இருக்கிறது. ஜப்பானியர்கள் சூடான கூழாங்கற்களில் மெதுவாகச் சுடும் யாக்கி இமோ, சர்க்கரை எதுவும் சேர்க்காமலே அப்படித் தித்திப்பதும் இதனால்தான்.

தட்டில் நின்ற தண்ணீர், வெல்லம் பச்சைத் துண்டுகளிலிருந்து உறிஞ்சி எடுத்தது. எலுமிச்சையின் புளிப்பு, காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைய விடாது; அதனால் வேக நேரமாகும். இன்னொன்று, கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குளிர் தாக்கிய கிழங்கு எத்தனை நேரம் வெந்தாலும் நடுவில் கட்டையாகவே நிற்கும். கூடையில், காற்றாட வெளியே வையுங்கள்.

இனி செய்முறை. ஒரு கிலோ கிழங்கு, எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனில், நடுத்தரமாக இருக்கட்டும். நம் சந்தையில் கிடைக்கும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதை ரகம் மாவாக வரும். அமெரிக்காவில் நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சதை கொண்ட, ஈரப்பதம் மிகுந்த ரகம். இரண்டுமே நன்றாக வரும், ஆனால் வெள்ளைக்கு வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மண் போகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்துங்கள். தோல் சீவ வேண்டாம். அலுமினியத் தாளிலும் சுற்ற வேண்டாம். சுற்றினால் சுடாமல் அவிந்துபோகும். சூடேற்றாத ஓடிஜியின் நடுத்தட்டில் வைத்து, 120 டிகிரியில் முக்கால் மணி நேரம், பிறகு 200 டிகிரியில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். தோல் சுருங்கி, குத்திய இடத்தில் பாகு கசிந்து கறுப்பாகப் பொட்டு வைத்தாற்போல் நிற்கும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. கீழே ஒரு தட்டு வையுங்கள். சொட்டும் பாகு ஓடிஜி கம்பியில் விழுந்தால் புகைந்து தள்ளும்.

ஆறியதும் தோலை உரித்து, இரண்டு விரல் பருமனுக்கு வில்லைகளாக நறுக்கி, வெண்ணெய் தடவிய தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்குங்கள். 100 கிராம் வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். இதைத் தவறவிட்டால் பல்லில் மண் கடிபடும். அதில் 40 கிராம் வெண்ணெய், அரை தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி சுக்குத்தூள் சேர்த்து, கொதித்து லேசாகக் கெட்டியானதும் கிழங்கின்மேல் ஊற்றுங்கள். 180 டிகிரியில் கால் மணி நேரம் போதும். நடுவில் ஒருமுறை அடியில் தேங்கிய பாகை எடுத்து மேலே விடுங்கள். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி மிகப் பக்கத்தில் இருக்கும், அதை அணைத்துவிட்டுக் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிட்டால் வெல்லம் கருகாது. எலுமிச்சை பிழிவதானால் வெளியே எடுத்த பிறகு.

தங்கை வீட்டில் மேலே மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை வைத்திருப்பார்கள். எனக்கு அது திகட்டல். சைவக்காரர்கள் கவனிக்க: பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. அதற்குப் பதில் உடைத்த முந்திரியைக் கடைசி ஐந்து நிமிடம் தூவினால் கரகரப்பும் கிடைக்கும். வான்கோழிதான் வேண்டும் என்றில்லை. மிளகு தூக்கலான கோழி வறுவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவருக்கு மட்டும் வெல்லம் போடாமல், தண்ணீரில் வேகவைத்த கிழங்கை அளவோடு கொடுங்கள். சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை அதைவிட வேகமாக ஏற்றும்.