இன்டெல் 12வது ஜென் (ஜெனரேஷன்) சிப்புல இருந்து 13வது ஜென்னுக்கு எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

கேள்வி: 2022ல வாங்குன லேப்டாப், ஐ5-1235யூ, 8 ஜிபி ரேம். டேலி, எக்செல், குரோம் மூணையும் சேர்த்துத் திறந்தா திணறுது. பழசக் குடுத்துட்டு மேல 32 ஆயிரம் போட்டா 13வது ஜென் ஐ5-1335யூ தரேன்னு கடைக்காரர் சொல்றார். மாத்தலாமா?

பதில்: வேண்டாங்க. நீங்க வெச்சிருக்கறதும் அவர் தர்றதும் கிட்டத்தட்ட ஒரே சிப்பு. ரெண்டுலயும் 10 கோர்தான், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 4.6க்குப் போயிருக்கு, டேலியில உக்காந்து பில் போடுற உங்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. திணறுறது ரேம் பத்தாம. புதுசுலயும் 8 ஜிபிதான்னா அடுத்த வாரமே இதே கேள்விய திரும்பக் கேப்பீங்க.

டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி போய்ப் பாருங்க. ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2ன்னு இருந்தா, அதாவது ரேம் போடுற ரெண்டு இடத்துல ஒண்ணு காலியா இருந்தா, இப்ப இருக்கறது டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆன்னு பாத்து அதே வகையில இன்னொரு 8 ஜிபி போட்டாப் போதும், மாத்தி வாங்குனா ஸ்லாட்ல உக்காரவே உக்காராது. ஒத்த ரேம் குச்சியோட வர்ற 12வது ஜென் ஐ5ல கிராஃபிக்ஸ் வெறும் யூஹெச்டின்னு காட்டும், ரெண்டாவது குச்சி ஏறுனதும் அதே சிப்பு அதவிட வேகமான ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் ஆயிடும். இத எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க, சொன்னா புது லேப்டாப் எப்படி விக்கும்?

ஒரே ஒரு சிக்கல். ஃபார்ம் ஃபேக்டர்ங்கற இடத்துல ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா ரேம போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். அந்த மாதிரி மெஷின்ல ஸ்லாட் எண்ணிக்கைய நம்பாதீங்க, 2ன்னு கூடக் காட்டும், திறந்து பாத்தா ஒண்ணுமே இருக்காது. சிலதுல பாதி சால்டர், கூட ஒரு ஸ்லாட்டுன்னு வரும், அதுல ஏத்தலாம். அதனால மாடல் நம்பரப் போட்டு கம்பெனி சைட்ல மேக்ஸிமம் மெமரி எவ்வளவுன்னு பாத்துட்டு அப்புறம் காசெடுங்க. இத டப்பா மேலயே பெருசா அச்சடிக்கறதுக்கு என்ன கேடு இவங்களுக்கு? ஸ்டிக்கர் ஒட்டத் தெரியுதுல்ல!

ஏத்தவே முடியாதுன்னா மட்டும் புதுசு பாருங்க, 16 ஜிபிக்குக் கீழ தொடாதீங்க. நம்பரப் பாத்து ஏமாறாதீங்க. 2024ல வந்த கோர் 5 120யூவும் இதே 10 கோர் குடும்பம்தான், பேருல கோர் அல்ட்ராங்கற சொல் இல்லாட்டி உஷாரா இருங்க. ஏஎம்டியோட ரைசன் 5 7520யூ இன்னும் மோசம், பேருல 7000 சீரிஸ், உள்ள இருக்கறது 2019ல வந்த ஸென் 2ங்கற பழைய டிசைன்.

எக்ஸ்சேஞ்ச் புரோக்கர் கதை தனி. பழசுக்கு நல்ல ரேட்டுன்னு சொல்லி அதையே புதுசோட விலையில ஏத்திடுவாங்க. எக்ஸ்சேஞ்ச் இல்லாம என்ன விலைன்னு முதல்ல கேளுங்க, அப்பத்தான் குட்டு வெளிப்படும். நாங்களே ஃபார்மேட் பண்ணிக்கறோம்னா விடாதீங்க, உள்ள உங்க ஜிஎஸ்டி கணக்கு, ஆதார் ஸ்கேன் எல்லாம் கெடக்கு. டேலி டேட்டாவ பேக்கப் எடுத்துட்டு, ரீசெட் திஸ் பிசியில ரிமூவ் எவ்ரிதிங் குடுத்து, கிளீன் டேட்டாவையும் ஆன் பண்ணி நீங்களே அழிச்சிட்டுக் குடுங்க. புது டப்பாவோட சீரியல் நம்பர கம்பெனி சைட்ல தட்டி வாரண்டி எப்ப ஆரம்பிச்சிருக்குன்னு பாத்துட்டு, ஜிஎஸ்டி பில் கைக்கு வந்தப்புறம் ஜிபே பண்ணுங்க.